பாம்பு போர்டு

மரக்கன்றின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரிய மனிதரை எப்படி எழுப்புவது என்று ஆராய்ச்சி வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை.

"சார், கொஞ்சம் எழுந்திருக்கீங்களா?"

"ஏன்மா? நிழல் நல்லாத்தானே இருக்கு."

"நிழல் நல்லாத்தான் இருக்கு சார். ஆனா நீங்க என் கன்னு மேல உக்காந்திருக்கீங்க."

அவர் எழுந்தார். பின்பக்கத்தைத் தட்டிவிட்டார். அங்கே ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு இலைகளை எடுத்து அவளிடமே நீட்டினார்.

"இதுவா? நான் புல்லுன்னு நெனச்சேன்."

மன்னிப்புக் கேட்கிற குரல் இல்லை அது. ஒரு புல்லுக்குப் போய் இவ்வளவு பேச்சா என்கிற குரல். அவர் நடைப்பயிற்சியைத் தொடர்ந்தார். அவள் அந்த இரண்டு இலைகளையும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அவள் பல்கலைக்கழக மரத்தோட்டத்தில் ஆராய்ச்சி செய்யும் மாணவி. தாய்மரத்தின் நிழலிலேயே முளைக்கிற கன்றுகளில் எது பிழைக்கிறது, எது சாகிறது, ஏன் என்பது அவளுடைய தலைப்பு. தோட்டத்தின் மூலையில் ஒரு கிழட்டு மரம், அதன் அடியில் ஒரு தட்டைக் கல், கல்லுக்கு முன்னால் விரல் உயரத்தில் கன்றுகள், கன்றுக்கு ஒரு காகிதக் கொடி. அவ்வளவுதான் அவளுடைய ஆய்வுக்கூடம். காலையில் கல்லில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அளக்க ஆரம்பித்தால் மதியம் ஆகிவிடும். எந்நேரமும் கன்றுகளோடேயே கிடந்ததால் விடுதியில் அவளுக்குக் கன்னுக்குட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளுடைய நெறியாளர் மேடமே ஒருமுறை துறைக் கூட்டத்தில் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டார்.

முதல் வருடக் கன்றுகளை எங்கிருந்தோ வந்த ஆடு தின்றது. இரண்டாம் வருடக் கன்றுகளை இயற்கைக் கல்வி முகாமுக்கு வந்த பள்ளிப் பிள்ளைகள் மிதித்துத் துவைத்தார்கள். இது மூன்றாவது வருடம். வருடக் கடைசியில் மேடம் ஓய்வு பெறுகிறார்.

"இதுவும் போச்சுன்னா எனக்கு ஒண்ணும் இல்ல," என்று மேடம் சொல்லியிருந்தார். "நான் நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவேன். நீதான் புது ஆளைத் தேடி, புதுத் தலைப்பு எடுத்து, மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

அம்மா வேறு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் விசாரித்தாள்.

"உன் செடி வளந்துச்சாடி?"

"நாலு இலை விட்டிருக்கும்மா."

"மூணு வருஷத்துல நாலு இலையா? நான் மாடியில தொட்டியில வெச்சது காயே காய்ச்சிடுச்சு. நீ தண்ணி ஊத்துறியா இல்லையா?"

"ஊத்தக் கூடாதும்மா. அதுவா பிழைக்குதான்னு பாக்கணும்."

"பச்சப்புள்ளைய பட்டினி போட்டு வேடிக்கை பாக்கறதுக்குப் பேரு படிப்பா?"

பெரிய மனிதர் உட்கார்ந்துவிட்டுப் போன அன்றே கன்னுக்குட்டி ஒரு போர்டு எழுதி நட்டாள். 'ஆராய்ச்சிப் பகுதி. உள்ளே வராதீர்கள்.'

அதுவரை அந்தப் பக்கம் வந்தவர்கள் தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். போர்டு வந்ததும் நின்று படித்தார்கள். படித்ததும் உள்ளே வந்தார்கள்.

"என்னம்மா ஆராய்ச்சி?" என்று ஓர் அம்மாள் கேட்டார். "மருந்தா?"

"மருந்தெல்லாம் இல்லைங்க. சும்மா, கன்னு எப்படி வளருதுன்னு."

"சும்மாவா இவ்வளவு கொடி குத்தி வெச்சிருக்கீங்க? மறைக்காம சொல்லுங்க. சர்க்கரைக்கா, மூட்டுவலிக்கா?"

"எதுக்கும் இல்லைங்க!"

அந்த அம்மாள் புரிந்துகொண்டதாகக் கண்ணைச் சிமிட்டினார். போகும்போது ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். மறுநாள் காலை நடைப்பயிற்சிக் கூட்டம் மொத்தமும் வரிசையில் வந்து நின்றது. கசப்பாக இருக்கிறதா துவர்ப்பாக இருக்கிறதா என்று தங்களுக்குள் சண்டையே போட்டுக்கொண்டார்கள்.

கன்னுக்குட்டி சுற்றிலும் கயிறு கட்டினாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிமிர வசதியாக இருப்பதாக நடைப்பயிற்சிக் கூட்டம் அவளை வாழ்த்தியது. உடம்பு கனத்த ஒருவர் இரண்டு கையாலும் பிடித்து முன்னால் சாய்ந்தபோது கயிறு அறுந்தது. அவர் எங்கே விழுந்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அன்று அவள் சாப்பிடாமல் படுத்துக்கிடந்தாள். அப்போதுதான் அறைத்தோழி ஈரத் தலையோடு, ஒற்றைச் செருப்போடு ஓடிவந்து கதவைச் சாத்தினாள்.

"பாம்புடி! பாத்ரூம்ல பாம்பு!"

"யாரையாவது கடிச்சிருச்சா?"

"அது பாட்டுக்கு ஓரமாக் கெடந்துச்சு. நாங்கதான் ஒருத்தரை ஒருத்தர் மிதிச்சிக்கிட்டோம். மாடியே காலி. வார்டன் எல்லாருக்கும் முன்னாடி ஓடினாங்க தெரியுமா?"

கன்னுக்குட்டி எழுந்து உட்கார்ந்தாள். "மாடியே காலியா?"

"ஆமாங்கறேன்."

"ஒருத்தர்கூட எட்டிப் பாக்க வரலையா?"

"பாம்பைப் போய் யாராவது எட்டிப் பாப்பாங்களா? யாரையோ வரச்சொல்லி இப்பத்தான் பிடிச்சுட்டுப் போனாங்க. ஏய், எங்கடி எழுந்து போற?"

கன்னுக்குட்டி பெயின்ட் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் புது போர்டு நின்றது. 'எச்சரிக்கை! பாம்புகள் வாழும் பகுதி. உள்ளே வராதீர்கள். இப்படிக்கு, பல்கலைக்கழக நிர்வாகம்.' பாம்பைப் பற்றிப் பொய் எழுதும்போது நடுங்காத கை, நிர்வாகத்தைப் பற்றிப் பொய் எழுதும்போது கொஞ்சம் நடுங்கியது. அதனால் கடைசி வரி மட்டும் கோணலாக இறங்கியது. நிர்வாகத்தின் போர்டுகள் எல்லாமே கோணலாகத்தான் இருக்கும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஆகா, என்ன நிம்மதி! நடைப்பயிற்சிக் கூட்டம் போர்டைப் படித்த வேகத்தில் ஓட்டப்பயிற்சிக் கூட்டமாக மாறி எதிர்த்திசையில் போனது. கன்னுக்குட்டி கல்லில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, ஆள் நடமாட்டம் இல்லாத அந்த மூலையில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே அளந்தாள். மிதிபட்டதில் சில கன்றுகள்கூடத் தலை தூக்கின.

பயப்படாமல் நின்றவர் ஒரே ஒருவர்தான். மொபெட்டின் முன்னால் மூடி போட்ட வாளியை வைத்துக்கொண்டு அடிக்கடி தோட்டத்துக் குறுக்கே போகிற காக்கிச் சட்டைக்காரர். வண்டியை நிறுத்தி, போர்டை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அவளைப் பார்த்துக் கும்பிட்டார்.

"நீங்கதான் வெச்சீங்களாம்மா?"

"ஆமாங்க."

"ரொம்ப நல்ல காரியம்மா. யாராவது இதைச் செய்ய மாட்டாங்களான்னு நானும் எத்தனையோ பேர்கிட்ட சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன்."

உரம் போடுகிற பிரிவில் இருப்பவர் போலிருக்கிறது, பாவம், செடிகள் மேல் உண்மையான அக்கறை உள்ளவர் என்று கன்னுக்குட்டிக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. அவளும் பதிலுக்குக் கும்பிட்டாள்.

இந்த நிம்மதியைக் கெடுத்தவர் மைக் சார்.

மைக் சார்தான் தோட்டத்தின் இயற்கைக் கல்விப் பொறுப்பாளர். கழுத்தில் ஒரு குட்டி ஒலிபெருக்கியை மாட்டிக்கொண்டு, பள்ளிப் பிள்ளைகளை மரம் மரமாகக் கூட்டிப்போய் விளக்குவது அவர் வேலை. நல்ல மனிதர். ஆனால் மரம் ஓடாது, குதிக்காது, கத்தாது என்பதால் மூன்றாவது மரத்திலேயே பிள்ளைகளுக்குக் கொட்டாவி வந்துவிடும். கொட்டாவி விடும் பிள்ளைகளைப் பல வருடங்களாகப் பார்த்து நொந்துபோயிருந்தவர் கண்ணில் அந்த போர்டு பட்டது.

அடுத்த வாரமே தோட்டத்து வரைபடத்தில் 'பாம்பு முனை' என்று ஓர் இடம் சேர்ந்துவிட்டது.

"குழந்தைகளே! இப்ப நாம எங்க நிக்கறோம்?" என்று ஒலிபெருக்கி அலறியது.

"பாம்பு முனை!" என்று கூட்டம் அலறியது.

"பாம்பு எங்க இருக்கு?"

"உள்ள!"

உள்ளே இருக்கிற பாம்பு வெளியே வர வேண்டாமா? பிள்ளைகள் கல்லை எறிந்தார்கள். காயை எறிந்தார்கள். ஒரு தண்ணீர் பாட்டில் வந்து விழுந்து ஒரு கன்று இடுப்பொடிந்தது. கன்னுக்குட்டி ஓடிவந்தாள்.

"சார், சார்! இவ்வளவு சத்தம் போட்டா பாம்புக்கு ஆகாது சார்!"

"அப்படியா? அருமையான தகவல்மா!" என்ற மைக் சார், அந்தத் தகவலை அப்படியே ஒலிபெருக்கியில் அறிவித்தார். "சரி, என்ன பாம்பும்மா இது? பிள்ளைங்க கேக்கறாங்க."

"அது... சின்னதா இருக்கும் சார். பழுப்பா."

"விஷமா?"

"தெரியலை சார்."

"கோடு கீடு ஏதாவது?"

நாற்பது ஜோடிக் கண்கள் அவளையே பார்த்தன. "மூணு கோடு சார்," என்றாள்.

அந்த மூன்று கோடுகள் மத்தியானத்துக்குள் விலங்கியல் துறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. அங்கே ஒரு புரொஃபசர் இருந்தார். காலமெல்லாம் மீனைப் பற்றியே எழுதியவர். மீன் அலுத்துப்போய், ஊர்வதாக ஏதாவது கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்தவர். அவர் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"மூணு கோடா? நல்லாப் பாத்தியாம்மா?"

"சுமாரா பாத்தேன் சார்."

"மூணு கோட்டுல இந்தப் பக்கம் பாம்பே கிடையாது. இது புதுசு. உலகத்துக்கே புதுசு!" அவர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பாத்த முதல் ஆள் நீதான். பேர் வெக்கும்போது உன் பேரையும் சேர்த்துடறேன்."

"சார், என் கன்னுங்க..."

"பாம்பு கன்னு தின்னாது. கவலைப்படாதே."

இரண்டே நாளில் கம்பிவலை வேலி எழுந்தது. கல்லின் முதுகில் உரசும்படி நெருக்கமாகச் சுற்றி வளைத்துக் கட்டினார்கள். பாம்பு போய்வர வசதியாக அடியில் கொஞ்சம் இடைவெளி விடச் சொன்னார் மீன் புரொஃபசர். ஆள் போய்வர வைத்த கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். மரத்தில் கேமரா மாட்டினார்கள்.

"சாவி ஒண்ணு எனக்கும் குடுங்க சார். நான் தினமும் அளக்கணும்."

"உள்ளயா? பாம்பு இருக்கிற எடத்துலயா? உன்னைப் பெத்தவங்களுக்கு யார் பதில் சொல்றது?"

மூன்று வருடத்தில் முதல்முறையாகக் கன்றுகளை யாரும் மிதிக்கவில்லை, தின்னவில்லை, எதுவும் எறியவில்லை. அளக்கவும் இல்லை. கன்னுக்குட்டி வேலிக்கு வெளியே நின்று, பறவை பார்க்கிறவர்களிடம் தொலைநோக்கியைக் கடன் வாங்கி, இலைகளை எண்ணப் பார்த்தாள். மேலேயிருந்து சருகு உதிர்ந்து கன்றுகளை மூடிக்கொண்டே வந்தது. கொடிகள் மட்டும்தான் தெரிந்தன.

ஒருநாள் வேலியின் பின்பக்கம் காக்கிச் சட்டைக்காரர் குனிந்திருந்தார். அவளைப் பார்த்ததும் வாளியை மூடிக்கொண்டு எழுந்து வந்தார்.

"வேலி போட்டது இன்னும் நல்லதாப் போச்சுங்கம்மா. யார் தொந்தரவும் இல்ல."

"நீங்களாவது வந்து பாக்கறீங்களே," என்றாள் கன்னுக்குட்டி. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

வேறு வழியில்லாமல் மேடத்திடம் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். மேடம் டீயைக் கீழே வைத்தார்.

"பாம்பே இல்லையா?"

"இல்ல மேடம். நானா எழுதினது."

"அந்தப் பக்கம் போகப் பயந்து, நான் தினம் தோட்டத்தையே சுத்திக்கிட்டு துறைக்கு வந்திட்டிருக்கேன். இந்த முட்டியோட!"

"மன்னிச்சிடுங்க மேடம்."

"என் முட்டிகிட்ட மன்னிப்புக் கேளு. நேரா அவர்கிட்ட போய் உண்மையைச் சொல்லு. சாவியோட வா. இல்லேன்னா புதுத் தலைப்போட வா."

உண்மையைச் சொல்வது சுலபமாகத்தான் இருந்தது. நம்பவைப்பதுதான் முடியவில்லை.

"சார், அந்த போர்டை நான்தான் எழுதினேன். பொய்யா எழுதினேன்."

"நீ எழுதினேங்கறதுக்காகப் பாம்பு இல்லாம போயிடுமா?" என்றார் மீன் புரொஃபசர்.

"நான் பாக்கவே இல்ல சார்!"

"அன்னைக்குப் பாத்தேன்னே. இன்னைக்குப் பாக்கலைங்கறே. பயம் வந்தா ஞாபகம் குழம்பும், இயற்கைதான்."

"கேமராவுல ஒண்ணுகூட விழலையே சார்? அணில்தானே விழுந்திருக்கு?"

"அதுதான் விசேஷம்," என்றார் அவர். "அவ்வளவு கூச்ச சுபாவம்."

கன்னுக்குட்டிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "சரி சார். நாளைக்குக் காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் நான் உள்ள போய் உக்காருறேன். வெறுங்காலோட. இருக்கிற பொந்து, சந்து எல்லாத்துலயும் கையை விடறேன். பாம்பு வந்தா அது உங்களுது, என் பேரையே வெச்சுக்கோங்க. வரலேன்னா வேலியைப் பிரிச்சிடணும்."

மீன் புரொஃபசர் யோசித்தார். பாம்பைத் தேடி உள்ளே போக அவருக்கும் ஆசைதான். ஆனால் மீன்காரர். "எழுதிக் குடுத்துட்டுப் போம்மா," என்றார்.

மைக் சார் இதைச் சிறப்பு நிகழ்ச்சி ஆக்கிவிட்டார். மறுநாள் வேலியைச் சுற்றிப் பிள்ளைகள், நடைப்பயிற்சிக் கூட்டம், ஒரு நாற்காலியில் முட்டியைத் தடவிக்கொண்டு மேடம். கன்னுக்குட்டி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

"இப்போது ஆய்வு மாணவி சருகை விலக்குகிறார்!" என்றது ஒலிபெருக்கி.

விலக்கினாள். சருகுக்கு அடியில் கன்றுகள் இருந்தன. வெளிறிப்போய், வளைந்துபோய், ஆனால் உயிரோடு இருந்தன. சிலது புது இலையே விட்டிருந்தது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அளவுகோலை எடுத்தாள்.

"மரப்பொந்தில் கையை விடுகிறார்!"

விட்டாள். ஓர் அணில் அவளைத் திட்டிவிட்டு ஓடியது.

"கல்லுக்கு அடியில் குச்சியை விடுகிறார்!"

விட்டுத் துழாவினாள். மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. மக்கிய இலை. இன்னும் இரண்டு குத்து குத்திவிட்டு, கல்லின் மேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக் காட்டினாள்.

மத்தியானத்துக்குள் பிள்ளைகளுக்குக் கொட்டாவி வந்துவிட்டது. வெயில் சாயும் நேரத்தில் மீன் புரொஃபசர் பெருமூச்சோடு கதவை அகலத் திறந்தார். அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"மூணு கோடு," என்றார். "ரெண்டுன்னு சொல்லியிருந்தாக்கூட நான் இவ்வளவு ஆசைப்பட்டிருக்க மாட்டேன்."

"மன்னிச்சிடுங்க சார்."

"பரவாயில்ல. மீனுக்கு ஒண்ணும் கோபம் இருக்காது. திரும்பிப் போயிடறேன்."

ஆட்கள் கம்பிவலையைச் சுருட்டி வண்டியில் ஏற்றினார்கள். "ஆகவே குழந்தைகளே, இங்கே பாம்பு இல்லை!" என்று மைக் சார் அறிவித்தார். "பாம்பு முனை இன்றோடு ரத்து!" பிள்ளைகள் ஏமாற்றத்தோடு கலைந்தார்கள். மேடம் போகிற போக்கில் அவள் தோளைத் தட்டினார்.

"மாசக் கடைசிக்குள்ள முதல் அத்தியாயம் என் மேஜைக்கு வரணும். வருமா?"

"வந்துடும் மேடம்."

எல்லோரும் போன பிறகு கன்னுக்குட்டி போர்டைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்தாள். அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, செடி பிழைச்சிடுச்சும்மா!"

"தண்ணி ஊத்தினியாக்கும்?"

"இல்லம்மா, உண்மையைச் சொன்னேன்."

"அதுக்கெல்லாம் செடி வளருமாடி? சாப்ட்டியா?"

சிரித்துக்கொண்டே போனை வைத்தபோது மொபெட் சத்தம் கேட்டது. காக்கிச் சட்டைக்காரர் வாளியோடு இறங்கினார். வேலி இருந்த இடத்தைப் பார்த்தார். அவள் மடியில் இருந்த போர்டைப் பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று.

"என்னம்மா, போர்டைப் பிடுங்கிட்டீங்க?"

"இனிமே வேணாங்க. இங்க பாம்பே கிடையாது. காலையிலேருந்து உக்காந்து பாத்தாச்சு, நிரூபிச்சாச்சு."

அவர் வாளியைக் கீழே வைத்தார். உள்ளே என்னவோ புரண்டது.

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க? நிர்வாகமே எடம் ஒதுக்கி போர்டு வெச்சிடுச்சேன்னு, அன்னையிலேருந்து ஹாஸ்டல், லைப்ரரி, கேன்டீன்னு பிடிச்ச அத்தனையையும், இதோ நீங்க உக்காந்திருக்கிற கல்லுக்கு அடியிலதானே கொண்டாந்து விட்டுட்டிருக்கேன்!"